நேர் எதிரில்

உம்மா நீட்டிய தட்டை அன்புசெல்வன் வாங்கவில்லை. அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். நாலு இடியாப்பம், மேலே இறால் சால்னா, ஆவி பறந்துகொண்டிருந்தது. அவனோ எதிரே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி, பொங்கலுக்குப் பெய்த மழையைப் பற்றித் துளசிராமனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். உம்மாவுக்கு முகம் லேசாகச் சுருங்கியது. விருந்தாளி தட்டை வாங்காமல் இருப்பது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை.

"இன்னா தம்பி, எங்க ஊட்டு நாஷ்டா புடிக்கலியா?" என்றார்.

அன்பு திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பிய வேகத்தில் முழங்கை தட்டில் இடித்துச் சால்னா அவன் பேன்ட்டில் கொட்டியது. "அய்யய்யோ, கவனிக்கலம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று எழுந்து நின்றுவிட்டான். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தும் பெண்டாட்டி நினைப்பா என்று உம்மா கேலி செய்ய, துளசிராமன் சிரித்தான், நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில், பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் என் தங்கை ரமீஸாவின் நிக்காஹுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிக்காஹ். புதன்கிழமையிலிருந்து எனக்குப் பத்து நாள் லீவு. அதற்கு முன்னால் ஒருநாள் மூன்று பேரும் எங்காவது போய்வர வேண்டும் என்று துளசிராமன்தான் கிளப்பிவிட்டான்.

நானும் அன்புவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்த்தோம். அவன் மேலே, நான் கீழே. அவன் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பத்து டன் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். நான் தரையில் நின்று கம்பிக்கட்டுகளுக்கு வடம் மாட்டி, எங்கே தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று கையால் காட்டுகிறவன். அடையாள அட்டையில் ரிக்கர் என்று போட்டிருக்கும், கூப்பிடுவதென்னவோ கலாசி என்றுதான். அந்தக் கூடத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது, நாற்பதடி உயரத்தில் இருப்பவனுக்கு எங்கே கேட்கும்? எல்லாம் சைகைதான். கட்டை விரலை மேலே காட்டினால் தூக்கு, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு, கையை மூடி உயர்த்தினால் நில். ஆறு வருஷத்தில் என் மனைவி சிஃபாவோடு வாயால் பேசியதைவிட அன்புவோடு கையால் பேசியது அதிகம். சிஃபாவே இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருக்கிறாள்.

மற்ற சைகைகளை நான் மட்டும்தான் காட்டலாம். மூடிய கையை யார் காட்டினாலும் அவன் நிறுத்தியாக வேண்டும். கூட்டிப் பெருக்க வருகிற சின்னப்பொண்ணு காட்டினாலும் சரி, முதலாளி காட்டினாலும் சரி. கையை இறக்கும்வரை கிரேன் ஒரு அங்குலம் நகரக் கூடாது. இது கூடத்துச் சட்டம். அன்பு அதில் கெட்டிக்காரன். நான் கையை மூடுவதற்கும் மூன்று டன் கம்பி அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. அவன் கட்டிவைத்த நம்பிக்கையில்தான் நான் அந்தக் கம்பிகளுக்குக் கீழே ஆறு வருஷம் நடமாடினேன்.

ஆனால் ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு விஷயம் நடந்திருந்தது. நான் எப்போதும் நிற்கிற மஞ்சள் தூணுக்குப் பக்கத்தில் எண்ணெய் கொட்டிக் கிடந்ததால் நாலு எட்டு இடது பக்கமாகத் தள்ளி நின்றேன். கையை மூடிக் காட்டினேன். கம்பிக்கட்டு நிற்கவில்லை. என் தோளைத் தடவுகிற மாதிரி தாண்டிப் போய் அப்புறம்தான் நின்றது. ஷிப்ட் முடிந்து கேட்டபோது, "பிரேக்கு லைனர் தேஞ்சிருக்குதுடா, எழுதி வெச்சுக்கிறேன்" என்றான். பிட்டர் வந்து பார்த்துவிட்டு பிரேக் புதிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கும்.

துளசிராமன் எங்கள் ரயில் சிநேகிதன். பொன்னேரியில் அவனும் எங்களோடு ஏறுவான். மனைப்பிரிவு போடுகிற ஒரு சர்வேயரிடம் உதவியாளன். ஊத்துக்கோட்டை ரோட்டிலிருந்து செவ்வாப்பேட்டைவரை எந்த நிலத்தில் எத்தனை மனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவன் ஆபீசில் கைக்கு அடக்கமாக ஒரு மஞ்சள் நிற ஜி.பி.எஸ். கருவி இருந்தது. பொன்னேரி பிரவுசிங் சென்டரில் எதையோ தேடப்போய், அந்தக் கருவியை வைத்து உலகம் முழுக்க ஆட்கள் விளையாடுகிற ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தான். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அது இருக்கிற இடத்தின் எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். நாம் கருவியை வைத்துத் தேடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் அதே மதிப்பில் ஒரு சாமானை வைக்க வேண்டும். டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

"இதுல இன்னாடா கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் கெடைக்காது. அதான் வெள்ளக்காரன் வெளயாட்டு" என்றான்.

சிப்காட்டில் மிஷின் பொருத்த வந்த ஒரு ஜெர்மன்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க வந்து, லைட் ஹவுஸ் குப்பத்துப் பக்கம் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டுப் போயிருந்தாராம். நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒரு டப்பா. கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

உம்மா கட்டிக்கொடுத்த பிரியாணி அடுக்கோடு படகுத்துறைக்கு நடந்தோம். பொன்னேரியிலிருந்து அன்பு துளசிராமனின் பின்சீட்டில்தான் வந்திருந்தான். அவனுடைய வண்டிக்குக் கிளட்ச் வயர் அறுந்து நாலு மாதம் ஆகிறது. கிளட்ச் வயர் மாற்ற அரைமணி நேரம் போதும் என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஏரி அன்று அமைதியாக இருந்தது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுதான். வலை இழுப்பவர்கள் ஏரி நடுவில் நின்றுகொண்டு பீடி பிடித்தார்கள். பாதி தூரம் போனதும் படகுக்காரர் இடது பக்கம் கைகாட்டி, "தோ பாரு, நாரைங்க" என்றார். நூறு நூற்றைம்பது பூநாரைகள் இருக்கும். ஒன்று எழும்ப, அடுத்தடுத்து எல்லாமே எழும்பின. நின்றபோது வெள்ளையாகத் தெரிந்தவை சிறகை விரித்ததும் உள்ளே இருந்த சிவப்பைக் காட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே தெற்கே போயின. துளசிராமன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அன்பு தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தான். அவை மறைந்த பிறகும் திருப்பினான்.

"பாத்தியாடா?" என்றேன்.

"பாத்தேன் பாத்தேன்" என்றான்.

அந்தக் கரையில் இறங்கியதும் துளசிராமன் கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். குப்பத்தைத் தாண்டி, காயப்போட்ட நெத்திலி வாசனையைத் தாண்டி, லைட் ஹவுஸ் நிழலைத் தாண்டி, மணல் மேட்டில் ஏறினால் கடல். அம்புக்குறி நேராகக் கடலைக் காட்டியது. துளசிராமன் கருவியைத் தட்டிப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். இன்னும் முந்நூறு மீட்டர் போக வேண்டும் என்றது. எங்களுக்கும் அலைக்கும் நடுவில் முப்பது மீட்டர் இருந்தால் அதிகம்.

"நீ வித்த பிளாட்டுல்லாம் இப்டித்தான் அளந்து வித்தியா?" என்று அன்பு கேட்டான். "எவன் எவன் கடல்ல மூலக்கல்லு நட்டுக்கினு நிக்கிறானோ."

துளசிராமனுக்கு முகம் செத்துவிட்டது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் தாங்கும்? மணலில் உட்கார்ந்து, எண்களை எழுதிவந்த காகிதத்தை எடுத்தான். வடக்கு 13, 25.300. கிழக்கு 80, 19.420. "பதிமூணு டிகிரி, இருவத்தஞ்சு நிமிஷம், முப்பது விநாடி. சரியாத்தான அடிச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தான்.

அன்பு காகிதத்தை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "புள்ளிக்கு அப்பால மூணு நம்பர் கீதுடா" என்றான். "கூண்டுல எனக்கு எதிர்ல எடை காட்டுற டப்பா கீது. அதுல ரெண்டு புள்ளி முன்னூறுன்னு வந்தா ரெண்டு டன் முன்னூறு கிலோ. ஆயிரத்துல பங்கு. இதுல மட்டும் எப்டி முப்பது விநாடியாவும்? இருவத்தஞ்சு நிமிஷம், அப்பால ஒரு நிமிஷத்துல ஆயிரத்துக்கு முன்னூறு பங்கு. பதினெட்டு விநாடிதான வரும்."

துளசிராமன் அவனைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். சர்வே ஆபீசில் எல்லாமே டிகிரி, நிமிஷம், விநாடி. புள்ளியைப் பார்த்ததும் கை தானாக விநாடி என்று அடித்துவிட்டது. "அறுவதுக்கு மேல ஒரு நம்பர் இருந்திருந்தா அப்பவே முழிச்சிருப்பேன்" என்றான். முந்நூற்றெழுபது மீட்டர் வடக்கே, ஐந்நூறு மீட்டர் கிழக்கே எங்களை இழுத்துவந்து கடலில் தள்ளப் பார்த்திருக்கிறான். எண்களைத் திருத்தியதும் அம்புக்குறி சுற்றித் திரும்பி, நாங்கள் வந்த பக்கமே காட்டியது. சவுக்குத் தோப்பு. அன்பு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நாளைக்கப்புறம் அவனை அப்படிப் பார்த்தேன். அங்கேயே பிரியாணி அடுக்கைப் பிரித்துச் சாப்பிட்டோம். மூன்று பேரிலும் படித்தவன் துளசிராமன், கணக்குப் போட்டவன் அன்பு, இறால் தலையை எண்ணிச் சாப்பிட்டவன் நான்.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு பழைய படகு கிடந்தது. இரண்டாயிரத்து நாலு டிசம்பர் சுனாமியில் கடல் தூக்கி எறிந்தது. சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் அங்கேயே மக்கிக்கொண்டிருந்தது. பலகைகள் பிய்ந்துபோய் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இணையத்தில் ஒரே ஒரு குறிப்புத்தான் இருந்ததாம்: பழைய படகு. கருவி காட்டுகிற இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்று சொல்லி, துளசிராமன் தோப்புக்குள் வட்டமடிக்கப் போனான். நானும் அன்புவும் படகைச் சுற்றித் தேடினோம்.

நான் முன்பக்கம் மணலைக் கிளறிவிட்டு நிமிர்ந்தபோது அவன் பின்பக்கம் நின்றிருந்தான். அவன் இடது காலுக்கு ஒரு முழம் தள்ளி, பலகைக்கு அடியிலிருந்து டப்பாவைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் உறை பளிச்சென்று நீட்டிக்கொண்டிருந்தது. மணல் கரைந்துபோய் முக்கால்வாசி வெளியே தெரிந்தது. "இங்க ஒண்ணியும் இல்லடா" என்றான் அவன். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன். அதே பக்கமாகத் திரும்பவும் நடந்துவந்து, உறையை மிதிக்காத குறையாகத் தாண்டி, "இல்லவே இல்ல" என்றான். குரலில் விளையாட்டு இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலையில் உம்மா நீட்டிய தட்டு இடது பக்கம். நாரைகளும் இடது பக்கம். நான் சத்தம் போடாமல் அவனுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தேன். பத்தடி தூரம்கூட இருக்காது. கையை மூடி உயர்த்தினேன். தூக்கத்தில்கூட அந்தக் கையைப் பார்த்தால் நின்றுவிடுவான் என்று கூடத்தில் அவனைக் கேலி செய்வார்கள். அவன் நிற்கவில்லை. படகின் உடைந்த சட்டம் ஒன்று ஆணியோடு நீட்டிக்கொண்டிருந்த பக்கமாக, என் மூடிய கையைத் தாண்டி, சாதாரணமாக நடந்துகொண்டே இருந்தான்.

"அன்பு" என்று கத்தினேன். ஆணிக்கு ஒரு சாண் முன்னால் நின்றான்.

"இன்னாடா?"

"கை காட்டினேன்."

"எங்க?"

"இங்கதான். உன் பக்கத்துலயே நின்னுக்கினு."

அவன் தலையை முழுசாகத் திருப்பி என்னைக் கண்டுபிடித்தான். பிறகு ஆணியைப் பார்த்தான். படகின் விளிம்பைக் கையால் தடவிப்பார்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

அவனுக்கு ஐப்பசியிலேயே தெரியுமாம். மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறான். மாலைக்கண் மாதிரிதான் ஆரம்பித்ததாம், ஆனால் மாலைக்கண் இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மருந்து இல்லை. வீட்டில் மனைவிக்கும் தெரியாது, மகள் பூமிகாவுக்கும் தெரியாது. கம்பெனி மெடிக்கலில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்திருக்கிறான். நேராகப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருப்பதை யாரும் கேட்கவில்லை.

"நீ நேர் எதிர்ல நிக்கிறவரிக்கும் ஒரு பேஜாரும் இல்லடா" என்றான். "அதுக்குத்தான் மஞ்சத் தூணாண்டையே நில்லுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

போன தீபாவளியிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். இடம் மாறாமல் நிற்பதுதான் ஒழுங்கு என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியிருக்கிறான். நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தோளைத் தடவிக்கொண்டு போன கம்பியை நினைத்து, சிஃபாவை நினைத்து, அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூட இருந்தது. அதே நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மணலில் கிடந்த கறுப்பு உறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொதங்கெழமலேர்ந்து நான் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"காண்ட்ராக்ட் ஆளுங்களத்தான் கீழ உடுவாங்க. அவனுங்க தூணாண்டயா நிப்பானுங்க?"

லீவை ரத்து செய்துவிடவா என்றேன். அண்ணன் இல்லாமல் ரமீஸாவுக்கு நிக்காஹா, உன் வாப்பா என்னைச் சும்மா விடுவாரா என்றான். அப்படியே லீவை ரத்து செய்தாலும், எத்தனை நாளைக்கு நான் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க முடியும்?

துளசிராமன் தோப்பிலிருந்து வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். அன்புவே அவனுக்கும் சொன்னான். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் தேறியிருந்தது. "ஆஸ்பத்திரில ஒரு மிஷின்ல தலைய உட்டு, வெளிச்சம் வந்தா பட்டன அமுக்கச் சொன்னாங்க. அப்பால ஒரு சீட்டு குட்த்தாங்க. சுத்தி கறுப்பு, நடுவுல கொஞ்சூண்டு வெள்ள. அது எவ்ளோன்னு எனக்கு இன்னும் புரியல."

"அளந்து பாத்துட்லாம்" என்றான் துளசிராமன். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

மூன்று பேரும் திறந்த மணலுக்கு வந்தோம். அன்பு ஒரு இடத்தில் நின்று லைட் ஹவுஸ் உச்சியைப் பார்க்க வேண்டும், கண்ணை அசைக்கக் கூடாது, நான் தெரிகிறேனா என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் பதினைந்து எட்டுத் தள்ளி, அவனுக்கு நேர் எதிரில் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். கூண்டுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான். பிறகு அவனைச் சுற்றி வட்டமாக, மெல்ல, ஒரு பக்கமாக நகர்ந்தேன்.

"கீற" என்றான். ஒரு எட்டு. "கீற." இன்னொரு எட்டு. "கீற." அடுத்து அரை எட்டு வைத்தேன். "இல்ல" என்றான்.

துளசிராமன் அந்த இடத்தில், மனை அளக்கும்போது அடிக்கிற சிவப்பு ரிப்பன் கட்டிய ஆணி ஒன்றைக் குத்தினான். திரும்ப நடுவுக்கு வந்து மறுபக்கம் நகர்ந்தேன். கீற, கீற, கீற, இல்ல. இன்னொரு ஆணி. அன்புவின் காலடியிலிருந்து இரண்டு ஆணிகளுக்கும் துளசிராமன் குச்சியால் கோடு இழுத்தான். ஒருபக்கம் கடல் முழுசாகக் கோட்டுக்கு வெளியே இருந்தது. ஏரியும் வெளியே இருந்தது. குப்பமும் காயப்போட்ட வலைகளும் சவுக்குத் தோப்பும் வெளியே. உள்ளே லைட் ஹவுஸ் மட்டும் இருந்தது. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் எட்டு வைத்துப் பார்த்தேன். ஏழு எட்டு. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு மூன்றரை. அன்று கூடத்தில் நான் நாலு எட்டுத் தள்ளி நின்றிருந்தேன்.

அன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு கோட்டின் ஓரமாகவே ஆணிவரை நடந்தான். அங்கிருந்து மற்ற ஆணிக்கு நடந்தான். குனிந்து ரிப்பனைத் தொட்டுப் பார்த்தான்.

"இவ்ளோதானா" என்றான். "நான் இன்னும் கொஞ்சம் கீதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

ஆணிகளைத் துளசிராமன்தான் பிடுங்கினான். கோடுகளைக் காலால் கலைக்கப் போனவன் என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான்.

பிறகு டப்பாவை எடுத்துத் திறந்தோம், வந்த வேலை அதுதானே. உள்ளே ஒரு சின்ன நோட்டு, பென்சில், வெளிநாட்டுக் காசு ஒன்று, சாவிக்கொத்து ஒன்று, பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று. நோட்டில் எங்களுக்கு முன்னால் நாலே பேர். துளசிராமன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ரிப்பன் கட்டிய ஆணி ஒன்றை வைத்தான். நான் காசை எடுத்துக்கொண்டு, கம்பிக்கட்டில் குறிபோடுகிற சுண்ணக்கட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். அன்பு டைனோசரை எடுத்தான், பூமிகாவுக்கு. பதிலுக்கு வைக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றான், டைனோசரைத் திரும்ப உள்ளேயே போட்டான். நோட்டில் மூன்று பெயர்களையும் அவன்தான் எழுதினான். எழுத்து அச்சடித்த மாதிரி நேராக இருந்தது.

"எடைமேடைல ஒரு ஆளு ரிட்டயர் ஆறாரு" என்றேன். "எதிர்ல இருக்குற நம்பரப் பாத்து எழுதணும், அவ்ளோதான். ஆயிரத்துல பங்கு உனக்குத் தெரியாததா?"

"கேட்டா குட்த்துடுவாங்களா?"

"தெரியல."

"சொன்ன அன்னிக்கே எறக்கி உட்ருவாங்க. எடைமேட அப்பால."

"நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன் அன்பு."

சொல்லிவிட்டேன். ஆறு வருஷம் என் உயிரை அவன் கையில் கொடுத்திருந்தவன் நான். அவனுடைய சோற்றில் கைவைக்கிற வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது. துரோகி என்று அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் டப்பாவை உறையில் போட்டு இறுக்கக் கட்டி, பலகைக்கு அடியில் தள்ளி, இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினான். ஓரம் எதுவும் தெரிகிறதா என்று எங்களைப் பார்க்கச் சொன்னான். ஒன்றும் தெரியவில்லை என்றோம்.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அன்பு என் தோளில் கைவைத்துக்கொண்டே துறைவரை நடந்தான். அதை மறைக்க அவன் எதுவும் செய்யவில்லை. காலையில் வந்த அதே படகுக்காரர். ஏரி நடுவில் துளசிராமன் எங்கோ இருந்த நாரைகளை எங்களுக்குக் காட்டாமல் தனியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அன்பு முன்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு ஏ ஷிப்ட்டு" என்றான்.

"ஆமா."

"காலைல கேட்டுக்குள்ள போறவரிக்கும் சொல்லணும்னுதான் இருக்கும். கிரேன் ஏணியப் பாத்தா காலு தானா ஏறிடும். இத்தினி நாளும் அப்டித்தான் ஏறிச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏணில கால வெச்சேன்னா நிறுத்திடு" என்றான்.

"எப்டி?"

"எப்பவும் காட்டறதுதான். எதிர்ல வந்து காட்டு. அங்க நின்னாத்தான் தெரியும்."

படகு ஊர்ப்பக்கக் கரையில் தட்டியது. நான்தான் முதலில் குதித்தேன். கணுக்கால் தண்ணீரில் நடந்து, கரையேறித் திரும்பினேன். எனக்குப் பின்னால் மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது. அன்பு எழுந்து நின்று, விளிம்பைத் தேடி ஒரு காலை எடுத்து வைக்கப் போனான். நான் வலது பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்தேன், இன்னும் ஒரு எட்டு, அவன் முகம் எனக்கு நேராக வரும்வரை. கையை மூடி உயர்த்தினேன்.

எடுத்த கால் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கிப் படகுக்குள் இறங்கியது. "எறங்குப்பா, இன்னா பாத்துக்கினு கீற" என்றார் படகுக்காரர். அன்பு அசையவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையை இறக்கும்வரை அவன் அசைய மாட்டான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். படகு அவன் காலுக்குக் கீழே லேசாக ஆடியது, அவனுக்குப் பின்னால் ஏரி இருட்டிக்கொண்டு வந்தது, எனக்குத் தோள் வலிக்கத் தொடங்கியது. நான் கையை இறக்கவில்லை.